அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்: பசும்பாலில் உள்ள வைரஸ்தான் காரணமா?

கேள்வி: என் அக்காவுக்கு 38 வயது. சென்ற மாதம் மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது. விரைவில் கீமோதெரபி தொடங்க இருக்கிறார்கள். பத்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பசும்பாலில் உள்ள ஒரு வைரஸால்தான் இந்த நோய் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து அவருடைய மாமியார் வீட்டில் அக்காவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு 34 வயது. நான் பாலை நிறுத்த வேண்டுமா? எனக்கும் வைரஸ் பரிசோதனை ஏதேனும் தேவையா?

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. உடன் உண்பதாலோ, ஒரே படுக்கையில் படுப்பதாலோ, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ பரவுவதில்லை. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னதற்கும் வைரஸுக்கும் தொடர்பே இல்லை. கீமோதெரபி மருந்துகள் பாலில் கலந்து குழந்தையின் உடலுக்குள் சென்றுவிடக் கூடும் என்பதுதான் காரணம். இதை அக்காவின் மருத்துவரே குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொன்னால் வீட்டில் பாதிப் பயம் அடங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி முழுக்கக் கட்டுக்கதை அல்ல. அதற்குள் ஒரு விதை இருக்கிறது. 1936-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பிட்னர் என்ற ஆய்வாளர், மார்பகக் கட்டி அதிகம் வரும் இனத்து எலிக் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, கட்டி அரிதாகவே வரும் இனத்துத் தாய் எலியிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்குப் பின்னாளில் கட்டி வருவது வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் நோயைக் கடத்தும் ஏதோ ஒன்று தாய்ப்பாலில் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அது ஒரு வைரஸ் என்பது பிறகு தெளிவானது. எலியின் மார்பகச் செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு, அருகில் இருக்கும் வளர்ச்சி மரபணுவை அது தட்டி எழுப்பிவிடுகிறது.

எலிக்கு உண்டென்றால் மனிதருக்கும் இருக்க வேண்டுமே என்ற தேடல் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. இந்தத் தேடல் இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறது. 1971-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படும் பம்பாய்ப் பார்சி சமூகத்துப் பெண்களின் தாய்ப்பாலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, எலி வைரஸைப் போன்ற துகள்கள் தென்படுவதாக எழுதினார்கள். ஆனால் பாலில் வைரஸ் கடத்தப்படுவது உண்மையானால், தாய்ப்பால் குடித்து வளர்ந்த பெண்களுக்கு நோய் கூடுதலாக வந்திருக்க வேண்டும். மக்களிடையே நடந்த ஆய்வுகளில் அப்படிக் காணவில்லை. தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கோ அது பாதுகாப்பாகவே அமைகிறது: 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒருசேர அலசி 2002-ல் வெளியான கட்டுரையின்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது.

உங்களுக்கு வந்த செய்தியில் இருப்பது மாடுகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த கெர்ட்ரூட் பியூரிங் குழுவினர், புற்றுநோய் கண்ட 114 பெண்களின் மார்பகத் திசுக்களில் 67-லும், புற்றுநோய் இல்லாத 104 பெண்களின் திசுக்களில் 30-லும் அந்த வைரஸின் டிஎன்ஏ இருந்ததாக அறிவித்தார்கள். எண்களைப் பார்த்தால் திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் புற்றுநோய் இல்லாத பெண்களிலும் நூற்றுக்கு 29 பேரிடம் அது இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதன்பின் வேறு குழுவினர், கட்டிகளின் மொத்த மரபணுவையும் வரிசைப்படுத்திய தரவுகளில் தேடியபோது இந்த வைரஸ் அகப்படவில்லை.

ஒருவர் கண்டது மற்றவருக்கு ஏன் அகப்படுவதில்லை? பெரும்பாலும் இதற்கான விடை பிசிஆர் பரிசோதனையின் இயல்பில் இருக்கிறது. கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான அதே பரிசோதனைதான். ஒரு டிஎன்ஏ துணுக்கை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, இப்படி முப்பது சுற்று ஓட்டினால் நூறு கோடிப் பிரதிகள் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் எலி வளர்க்கிறார்கள் என்றால், அந்த எலியின் டிஎன்ஏ துளியளவு சிந்தியிருந்தாலும் போதும், மனிதத் திசுவில் எலி வைரஸைக் கண்டதாக முடிவு வரக்கூடும். மார்பகக் கட்டிகளில் கண்டதாகச் சிலர் சொன்ன இன்னொரு வைரஸ், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. 1951 முதல் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களுக்குள் அதன் ஒரு வகையான எச்.பி.வி. 18 இருக்கிறது. அதுவும் இப்படிக் கலந்துவிடக்கூடிய ஒன்றே. அதேபோல் மார்பகக் கட்டிகளில் கண்டதாகச் சொல்லப்பட்ட எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸின் கதை வேறு. வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தம் வெள்ளணுக்களில் அதைச் சுமந்து திரிகிறோம். கட்டியை எதிர்க்க அந்த வெள்ளணுக்கள் உள்ளே நுழையும்போது வைரஸும் கூடவே போகிறது. கட்டியைப் பரிசோதித்தவர் புற்றுநோய்ச் செல்லிலேயே வைரஸ் இருந்ததாக எண்ணிவிடலாம். திருட்டு நடந்த வீட்டுக்கு விசாரிக்க வந்த காவலரின் கால்தடத்தைத் திருடனுடையதாகக் கொள்வது போன்றதுதான் இது.

வைரஸ் உண்மையிலேயே காரணமாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பார்க்கலாம். ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் எச்.பி.வி. இருக்கும். புற்றுநோய்ச் செல்லின் உள்ளேயே இருந்துகொண்டு, செல்லின் கட்டுப்பாட்டுப் புரதங்களை முடக்கும் தன் புரதங்களைச் சுரந்துகொண்டிருக்கும். மார்பகத்தில் இப்படிப்பட்ட தடயம் கிடைக்கவில்லை. 19 வகைப் புற்றுநோய்களின் 4,433 கட்டிகளில் வைரஸ் தடயங்களைத் தேடி 2013-ல் வெளியான ஆய்வும் மார்பகத்தில் குறிப்பிடும்படி எதையும் காட்டவில்லை. எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்று ஒன்று உண்டு: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்று நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் வைரஸால் வரும் புற்றுநோய்கள் பல மடங்கு கூடுகின்றன. மார்பகப் புற்றுநோய் அப்படிக் கூடுவதில்லை. இருந்தாலும் வைரஸுக்குப் பங்கே கிடையாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது நிரூபணமாகவில்லை, உங்கள் வீட்டு வாழ்க்கையை அதற்காக மாற்றிக்கொள்ளத் தேவையும் இல்லை.

பாலைத் தாராளமாகக் குடியுங்கள். பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்யப்பட்டே வருகிறது. அந்தச் சூட்டிலேயே மாட்டு வைரஸ் செயலிழந்துவிடும். அதையும் நாம் அடுப்பில் பொங்கி வரும்வரை காய்ச்சித்தான் குடிக்கிறோம். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அது காசநோய், புரூசெல்லா போன்ற வேறு தொற்றுகளுக்காக.

மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சத்துக்காக உங்களுக்கு எந்த வைரஸ் பரிசோதனையும் தேவையில்லை. யாராவது அப்படியொரு 'பேக்கேஜ்' விற்க வந்தால் வாங்காதீர்கள். எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைவாய்க்கானது, வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் இருந்தால் அதற்காகப் போடுங்கள், மார்பகத்துக்காக அல்ல.

நீங்கள் அக்கறை காட்ட வேண்டியது குடும்ப வரலாற்றில்தான். உடன்பிறந்த ஒருவருக்கு இந்நோய் இருந்தால் நமக்கான அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆயினும் அப்படிப்பட்ட பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்நோய் வருவதே இல்லை. அக்காவுக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருப்பதால் பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் பரிசோதனை பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அதை முதலில் செய்துகொள்ள வேண்டியவர் அக்கா, நீங்கள் அல்ல. அவரிடம் அந்த மரபணுக்களில் பிறழ்வு, அதாவது நோய்க்கு இடம்தரும் மாற்றம், இருந்தால், அதே பிறழ்வு உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது அந்த ஒன்றை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். பிறழ்வு உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும் மேமோகிராமும் தேவைப்படும். பிறழ்வு இல்லாவிட்டாலும், உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே, ஆனால் 30 வயதுக்குக் குறையாமல், கண்காணிப்பைத் தொடங்குவது பொதுவான வழக்கம். அந்தக் கணக்கில் உங்களுக்கு நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது.

அக்காவின் சிகிச்சையில் வைரஸ் ஒன்று உண்மையிலேயே முக்கியம். அது ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலில் ஓசையின்றி ஒடுங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் கீமோதெரபியின்போது திரும்ப எழுந்து, கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம். முதல் ஊசிக்கு முன் அதற்கான ரத்தப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று அக்காவின் கோப்பை எடுத்துப் பாருங்கள். முடிவு அதில் இல்லாவிட்டால், அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.