கம்பியைத் தளர்த்தி வாசித்த கேபி பஹினுயி: வாசகர் கேள்விகள்

கே: ஹவாய் கிடார் என்றால் மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டைக் கம்பிமேல் இழுத்து வாசிப்பதுதானே? போன இதழில் நீங்கள் 'ஸ்லாக் கீ' என்று குறிப்பிட்டதும் அதுதானா?
(வாசகர், திண்டுக்கல்)

ப: நீங்கள் சொல்வது ஸ்டீல் கிடார். நம் நாட்டில் ஹவாயன் கிடார் என்று பெயர் வாங்கியது அதுதான், விஸ்வமோகன் பட் வாசிக்கும் மோகன வீணையும் அந்த வழியில் வந்தது. ஸ்லாக் கீ வேறு. சாதாரண கிடார்தான், எல்லாரும் பிடிக்கிற மாதிரியே பிடித்து விரலால் மீட்டுவது, கம்பிகளைத் தளர்த்துவதால் மாறுவது சுருதி மட்டும்தான். அதிகம் புழங்கும் 'டாரோ பேட்ச்' சுருதிக்கு ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகள் மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு இடது கையால் எதையும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் தடவிப் பாருங்கள், ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தானாகவே ஒலிக்கும். இடது கைக்கு வேலை குறைந்துவிடுகிறது இல்லையா, அப்புறம் வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். ஒருவர் வாசிப்பது இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்பது இதனால்தான்.

கே: கேபி பஹினுயி ஹவாயின் மாபெரும் கலைஞர் என்கிறீர்கள். அவர் ரோடு போடும் வேலை செய்தார் என்றும் படித்தேன். எது உண்மை?
(வாசகி, கும்பகோணம்)

ப: இரண்டுமே உண்மை. 1921-ல் பிறந்தவர், ஹொனலூலுவில் ககாஅகோ என்ற ஏழைப் பகுதியில் வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேப்பர் விற்றும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டும் வீட்டுக்குக் காசு கொண்டுவந்த பையன். இசைக் குறிப்பு படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை, எல்லாம் கேள்வி ஞானம்தான். 1946-ல் அவர் பாடி வாசித்துப் பதிவு செய்த 'ஹிஇலாவே'தான் ஸ்லாக் கீயில் வந்த முதல் இசைத்தட்டு என்று கருதப்படுகிறது. வைபிஓ பள்ளத்தாக்கில் விழும் ஓர் அருவியின் பெயர் அது. ரகசியமாகக் காதலித்துவிட்டு ஊர்வாயிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் ஒருத்தியின் பாட்டு, அந்த ஊர்வாயைத்தான் பாட்டில் பறவைகளின் இரைச்சலாக வைத்திருக்கிறார்கள். கேபியின் குரல் திடீரென்று பொய்க்குரலுக்கு ஏறி இறங்கும் இடங்களைக் கவனியுங்கள், அந்த நேரத்திலும் கட்டைவிரல் ஒரு அடிகூடப் பிசகாது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கும்.

இப்படி ஒரு தட்டு வந்தும் அவருக்குப் பிழைப்பு ஹொனலூலு நகர நிர்வாகத்தின் சாலைப் பணியில், கடப்பாரையும் மண்வெட்டியுமாகத்தான் இருந்தது. வைகிகி ஹோட்டல்களில் சுற்றுலாக்காரர்கள் கேட்டதெல்லாம் ஆங்கிலம் கலந்த இனிப்புப் பாட்டுகள், கிராமத்துப் பழம்பாட்டுக்கு அங்கே சம்பளம் குறைவு. பெரிய சங்கீதமெல்லாம் வைமனாலோவில் இருந்த அவர் வீட்டில்தான் நடந்தது. வார இறுதி வந்தால் வாசிப்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், யார் வந்தாலும் உட்கார்ந்து வாசிக்கலாம், சாப்பாடு உண்டு. உகுலேலே என்ற நாலு கம்பிச் சின்னக் கிடாரின் வித்வான் எடி கமாயி ஹவாய்ப் பாட்டை ரொம்ப எளியது என்று ஒதுக்கிவிட்டு ஜாஸ், லத்தீன் இசை என்று வாசித்துக்கொண்டிருந்தவர். கேபியோடு உட்கார்ந்து வாசித்த பிறகு ஆள் மாறிவிட்டார். இருவரும், பாஸ் வாசித்த ஜோ மார்ஷலும், ஸ்டீல் கிடார் டேவிட் ரோஜர்ஸும் சேர்ந்து 1960 வாக்கில் 'சன்ஸ் ஆஃப் ஹவாய்' குழுவைத் தொடங்கினார்கள். பின்னால் கமாயி தீவு தீவாகப் போய்ப் பெரியவர்களிடம் பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். அந்தத் தேடலின் விதை வைமனாலோ வீட்டில் விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கே: இவ்வளவு பழைய கலை என்றால் 1946 வரை ஏன் ஒரு தட்டுகூட வரவில்லை?
(வாசகர், சேலம்)

ப: நல்ல கேள்வி. 1793-ல் வான்கூவர் என்ற கப்பல் தலைவர் ஹவாய் அரசருக்கு மாடுகள் கொடுத்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டதால் அவை காட்டு மாடுகளாகப் பெருகிப் பயிரையெல்லாம் அழித்தன. 1830-களில் அவற்றை அடக்கி மேய்க்க மெக்சிகோ வழி கௌபாய்களை வரவழைத்தார்கள், கிடார் அவர்களோடுதான் தீவுக்கு வந்தது என்பார்கள். ஹவாய்க்காரர்கள் அதைத் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் சுருதியைச் சொத்து மாதிரி பொத்தி வைத்தது. பிறர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கிடாரைக் கீழே வைக்கும் முன் கம்பிகளைக் கலைத்துவிடுவார்களாம்! குடும்பத்தை விட்டு வெளியே போகாத கலை, வாசிக்கப் பிள்ளை இல்லாத வீட்டில் பெரியவரோடு முடிந்துவிடும். போதாக்குறைக்கு 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்து, ஒரு தலைமுறைக்குப் பாட்டின் மொழியே தூரமாகிவிட்டது. 1970-களில் ஹவாய் மொழியும் பண்பாடும் மறுபடி தலைதூக்கியபோது இளைஞர்கள் தேடிப் போனவர்களில் கேபி முக்கியமானவர். 1978-ல் ஹவாய் மொழி அந்த மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானதைப் பார்த்துவிட்டு, 1980-ல் தன் 59-வது வயதில் போய்ச் சேர்ந்தார்.

கே: ரை கூடர் என்ற அமெரிக்கர்தான் இவரை உலகத்துக்குக் காட்டினாராமே?
(வாசகர், கோவை)

ப: வெளி உலகத்துக்கு என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஹவாய்க்கு கேபியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கூடர் வைமனாலோவுக்கே வந்து, 1975-ல் வெளியான கேபியின் குழு ஆல்பத்தில் அடக்கமாகப் பின்னால் இருந்து வாசித்தார். மறு வருடம் தன் ஆல்பத்தில் கேபியையும் இன்னொரு ஸ்லாக் கீ கலைஞரான அட்டா ஐசக்ஸையும் வாசிக்க வைத்தார். நம் விஸ்வமோகன் பட்டோடு சேர்ந்து கிராமி வாங்கியதும் இதே கூடர்தான்.

கே: நான் கிடார் கற்கும் மாணவி. எதிலிருந்து தொடங்குவது?
(வாசகி, திருநெல்வேலி)

ப: முதலில் அந்த 1946 'ஹிஇலாவே', அப்புறம் 1975 குழு ஆல்பம். அதில் கேபியின் மகன்களும் வாசிக்கிறார்கள். அவர்களில் சிரில் 2014-ல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்று 2018-ல் மறைந்தார், அவருடைய 12 கம்பி கிடாரைத் தனியாகக் கேளுங்கள். சன்னி சில்லிங்வொர்த், லெட்வர்ட் கஆபனா என்ற ஸ்லாக் கீ கலைஞர்கள் இருவரையும் விடாதீர்கள். வாசிக்க டாரோ பேட்ச் சுருதியே போதும். ஆரம்பத்தில் கட்டைவிரலை மட்டும் பழக்குங்கள், அது தாளத்தில் தானாக ஓடும் வரை மற்ற விரல்களுக்கு அவசரம் காட்ட வேண்டாம்.