வடக்கிலிருந்து வந்த காற்று

அன்புள்ள ஐயா,

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கஜா புயல் வந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. நான்கு ஏக்கர் தோப்பில் 280 தென்னை இருந்தது, காலையில் பார்த்தபோது நின்றது 19. அதிலும் கொண்டை திருகிப்போன ஏழெட்டு மரம் அப்புறம் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது. இப்போது புதுக்கன்று வைத்திருக்கிறோம். அதன் மட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஏதோ வெட்டி வைக்கிறது. விழுந்த மரத்தில் ஒரு பகுதியை அப்பா விற்கவும் விடவில்லை, எரிக்கவும் விடவில்லை, வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறார். ராத்திரி லேசாகக் காற்றடித்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்பார். கொல்லைக் கதவைத் திறந்தால் வானம்தான் தெரிகிறது, அது எனக்கே பிடிக்கவில்லை.

உங்கள் தாண்டிக்குடி மலைப் பக்கமும் அன்றைக்குக் காற்று அடித்ததாகச் சொன்னார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதிய நினைவில்லை. மலையில் இருப்பவர்களுக்குக் காற்று பழகியிருக்குமோ? எப்படிப் பழகினீர்கள் என்று எழுதினால் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ச., பேராவூரணி

அன்புள்ள ச.,

காற்று எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அது மேல்காற்று. ஆடியில் மேற்கிலிருந்து வரும், தகரக் கூரைமேல் கல் வைத்திருப்போம், நாலு வாழை சாயும், இரண்டு நாள் கரண்டு போகும், குழந்தைகள்கூட அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கும். மரங்களும் அப்படித்தான். வருஷா வருஷம் ஒரே பக்கத்திலிருந்து தள்ளுகிற காற்றுக்கு ஏற்றபடி மரம் தன் வேரைப் பலப்படுத்திக்கொள்ளும். எங்கள் சரிவில் உள்ள மரமெல்லாம் ஆடிக்காற்றைப் பார்த்து வளர்ந்தவை.

கஜா வந்தது வடக்கிலிருந்து. அதாவது புயல் வந்தது கிழக்கிலிருந்துதான், 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, உங்களை முடித்துவிட்டு, திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்தது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் மேற்கே நகர்கிற புயலுக்கு முன்னால் இருப்பவனுக்கு முதலில் வடகாற்று, அது கடந்தபிறகு தென்காற்று. எங்களுக்குக் காலையில் வடக்கே பழனிப் பக்கமிருந்து அடித்தது. அந்தப் பக்கமிருந்து இப்படி ஒரு காற்று வரும் என்று மரத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

எனக்குக் காப்பித் தோட்டம் மூன்று ஏக்கர். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, இடையில் மலைவாழை, இங்கே எல்லோரும் வைத்திருப்பதுதான். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். அன்று காலை எதிர்ச்சரிவு முழுக்க இலை புரண்டு, பச்சை மலை ஒரே நொடியில் வெள்ளையானது. அழகாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அப்புறம் முறிய ஆரம்பித்தது. அந்த மரம் சாயாது, உடையும். பாதி உயரத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம், மேல்பாதி கொஞ்ச நேரம் நின்று யோசிப்பதுபோல நிற்கும், பிறகு மிளகுக்கொடியோடு காப்பிச் செடிமேல் வந்து விழும். நான் ஜன்னலில் நின்று எண்ணினேன், பதினான்குக்கு மேல் எண்ணவில்லை. மதியம் கொஞ்சம் ஓய்ந்தது, எல்லோரும் வெளியே வந்து நின்றோம், அதற்குள் தெற்கிலிருந்து தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து தள்ளி ஆட்டிவிட்ட மரத்தைத் தெற்கிலிருந்து இன்னொரு தள்ளு. நிறைய மரம் விழுந்தது அந்த இரண்டாவது தள்ளில்தான்.

கஜா என்றால் யானை, இலங்கை கொடுத்த பெயர். எங்கள் பக்கம் நிஜ யானையே வரும், ஆனால் அது வாழையைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

நவம்பர் நடு என்றால் எங்களுக்குப் பழ எடுப்பு தொடங்குகிற நேரம். செடியில் சிவந்து நின்றதில் பாதி தரையில் கிடந்தது. மறுநாள் காலை, கீழே போகிற ரோட்டில் எத்தனை மரம் கிடக்கிறது என்றே தெரியாத நிலையில், வழக்கமாக எடுப்புக்கு வருகிற ஓர் அம்மா தூறலில் நடந்தே வந்து சேர்ந்தார். நான் வேலை இல்லை என்றேன். அவர் காதில் வாங்காமல் முறிந்த கிளைகளுக்கு அடியில் உட்கார்ந்து, ஈர இலையை விலக்கி, உதிர்ந்த பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். "மரம் விழுந்தது விழுந்திருச்சு, பழம் என்ன பாவம் பண்ணுச்சு" என்றார். சாயங்காலத்துக்குள் ஒன்றரைச் சாக்கு. அந்தப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் மெஷினில் போட ஆளும் இல்லை, கரண்டும் இல்லை, தோலோடு களத்தில் காயப்போட்டோம். வெயிலும் இல்லை. பாதி பூசணம் பிடித்தது. சரி, பாதி தேறியது.

கரண்டு வர பதினொரு நாள் ஆனது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்து கிடக்கிறது, மற்ற மாவட்டத்து ஆட்களெல்லாம் அங்கே போயிருக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரிந்திருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாரும் குறை சொல்லவில்லை. சொன்னேன், ஒருநாள் நான் சொன்னேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். என் தோட்டத்தில் விழுந்தது 43 மரம். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதி வேண்டும். காற்று அந்த அனுமதியைக் கேட்கவில்லை. விழுந்ததைக் கீழே கொண்டுபோகத் தாள் வாங்க நான் அலைந்தது தனிக்கதை. ஆனால் கடைசியில் பிளைவுட்டுக்கு வாங்குகிற வியாபாரி வந்து, பாதி விலை சொல்லி, எடுத்துப்போனார். அதாவது எனக்குப் பணம் வந்தது. பேப்பரில் உங்கள் பக்கத்துத் தென்னைக்கு அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, மொத்தம் 1,100 ரூபாய் என்று அறிவித்த செய்தி. ஏழெட்டு வருஷம் பிள்ளை மாதிரி பார்த்தால்தான் நெட்டை ரகம் காய்க்கத் தொடங்கும், அப்புறம் ஒரு ஆயுளுக்குக் காய்க்கும். அந்த மரத்துக்கு 1,100 என்று படித்துவிட்டு, விழுந்த மரத்தை விற்ற காசை எண்ணியவன் புயலைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா? பேசாமல் இருந்தேன். நம்முடையது ஒரு நஷ்டமா என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது. உங்கள் கொல்லையில் வானம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். என் தோட்டத்திலும் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. நிழல் போன இடத்தில் காப்பிச் செடி மஞ்சளித்தது, வெயில் கூடிவிட்டது, அடுத்த மழையில் தேறிவிடும் என்று நினைத்தேன். தேறவில்லை. ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன், முருங்கைக் கொம்பு மாதிரி கையோடு ஒடிந்து வந்தது. உள்ளே தண்டு முழுக்க இறுக்கி அடைத்த தூள். வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்கிற வண்டின் வேலை. அந்த வண்டுக்கு வெயில் படுகிற தண்டுதான் வேண்டும், அராபிகாக் காப்பிச் செடியின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே போய்விடும், வெளியே தண்டில் மோதிரம் போட்டதுபோல ஒரு மேடு மட்டும் தெரியும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. 600 செடிக்கு மேல் எரித்தேன். காற்று நேரடியாக விழுத்தாட்டியதைவிட, காற்று திறந்துவிட்ட வெளிச்சத்தில் போனது அதிகம். நிவாரணக் கணக்கு எடுக்க வருகிறவர் விழுந்ததைத்தான் எண்ணுவார். நின்றுகொண்டே செத்ததை எண்ண அவர் இரண்டு வருஷம் கழித்து இன்னொருமுறை வரவேண்டும், அப்படி யாரும் வருவதில்லை. உங்கள் வீட்டில் கொண்டை திருகிய அந்த ஏழெட்டு மரம் எந்தக் கணக்கிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னதால் இதை அவருக்காகவே எழுதுகிறேன். ஐயா, நான் பழகவில்லை. ஆடியில் கூரை பறக்கிற மாதிரி அடித்தாலும் புரண்டு படுத்துக்கொள்கிறேன். ஐப்பசியில் வடக்கிலிருந்து ஒரு மெல்லிய காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டினால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் கேட்டால் நானும் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன் என்கிறேன்.

ஆனால் ச., கன்றின் மட்டையைக் கத்தரித்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியும், காண்டாமிருக வண்டு. குருத்துக்குள் துளைத்துவிடும், இலை விரிந்து வரும்போது விசிறி வெட்டியதுபோல இருக்கும். அது பெருகுவது எருக்குழியிலும் மக்கிய தென்னை மரத்திலும்தான். வேலியோரம் அப்பா அடுக்கி வைத்திருக்கிறாரே, அதுதான் அதன் வீடு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்கில் போடுங்கள். ஊறவைத்த ஆமணக்குப் புண்ணாக்கைச் சட்டியில் வைத்தால் அந்த வாடைக்கு வந்து விழும். எதைச் செய்தாலும் அந்த அடுக்கு இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். எரிக்கச் சொல்லி அப்பாவிடம் நேராகக் கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு அவரையும் கூட்டிப்போய் அடிமரத்தைப் பிளந்து காட்டுங்கள். உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். கோழி இருந்தால் கூடவே ஓட்டிக்கொண்டு போங்கள்.