தன்னார்வலரா, இன்டர்னா? பள்ளிச் சூழல் கல்வி வேலையில் சேரும் முன்

கேள்வி: தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வட்டாரப் பள்ளிகளை ஒன்றுசேர்த்துச் சூழல் கல்வி நடத்தும் ஒரு வலையமைப்பு, தன்னார்வலர்களையும் இன்டர்ன்களையும் சேர்க்கிறது. எட்டு வாரம் முழு நேரமாகப் போகலாம். அல்லது ஆண்டு முழுக்கச் சனிக்கிழமைகளில் மட்டும். வகுப்பெடுத்து எனக்குப் பழக்கமில்லை. எதில் சேர்வது? சேரும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: வகுப்பெடுத்துப் பழக்கமில்லை என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். பாடம் நடத்த அங்கே ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் இல்லாதது நேரம். பிள்ளைகளுக்கு அளவுநாடா தேடிப் பிடிப்பது, மைதானத்து மரங்களை முந்தின நாளே பார்த்து எண் கட்டி வைப்பது, பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்ததை அட்டவணையாக்குவது என்று இவைதான் செய்ய ஆளில்லாமல் கிடக்கும். பக்கத்துப் பள்ளியில் இதே வேலை எப்படி நடந்தது, எங்கே சொதப்பியது என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை. பள்ளிகளை வலையமைப்பாகக் கோப்பதே இதற்காகத்தான். வாரத்துக்கு மூன்று பள்ளி ஏறி இறங்கும் இன்டர்ன், ஒரு பள்ளியின் அனுபவத்தை இன்னொரு பள்ளிக்குச் சுமந்து போகிறார். அந்த வாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூடக் கிடைக்காது.

எட்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை ஐந்து வாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஆட்களையும் பள்ளிகளையும் தெரிந்துகொள்ளவே போய்விடும். கடைசி வாரம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். நடுவில் தேர்வு, விளையாட்டு விழா, ஆசிரியர் விடுப்பு என்று ஒரு வாரமாவது கழியும். ஆகவே பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். உங்கள் கல்லூரி விடுமுறையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தால் எட்டு வாரமும் வெறும் அலுவலக வேலையாகிவிடும்.

சனிக்கிழமைதான் முடியும் என்றால், அன்று பள்ளி உண்டா, ஆசிரியர் வருவாரா என்று கேளுங்கள். ஒரே பள்ளியையும் ஒரே பிள்ளைகளையும் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு பள்ளியாகச் சுற்றினால் எந்தப் பிள்ளையையும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த அமைப்பு எப்படிப்பட்டது என்று எடைபோட ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 1977-இல் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசியில் ஒரு மாநாட்டைக் கூட்டின. சூழல் கல்விக்கு விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என்று ஐந்து நோக்கங்களை அது வகுத்தது. நான் பார்த்த பள்ளி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை முதலாவதிலேயே நின்றுவிட்டன. சுவரொட்டி, உறுதிமொழி, ஊர்வலம், அவ்வளவுதான். போன ஆண்டு என்ன செய்தீர்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். புவி நாள், சுற்றுச்சூழல் நாள் என்று கொண்டாடிய நாள்களின் பெயர்கள் மட்டும் பதிலாக வந்தால் யோசியுங்கள். 'பிள்ளைகள் ஒழுகும் குழாய்களை எண்ணினார்கள், வீணாகும் தண்ணீரை அளந்தார்கள், கணக்கைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள், குழாய் மாற்றப்பட்டது' என்கிற மாதிரி ஒரு கதையாவது வந்தால் தயங்காமல் சேருங்கள்.

பள்ளிகளுக்காக 1994-இல் தொடங்கிய ஈகோ ஸ்கூல்ஸ் என்ற பன்னாட்டுச் சூழல் கல்வித் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. அதில் ஏழு படிகள். முதலில் பிள்ளைகள் இடம்பெறும் குழு. அடுத்து பள்ளியின் நிலையை ஆராய்வது. பிறகு செயல்திட்டம், கண்காணிப்பு, பாடத்தோடு இணைப்பது, மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வது என்று போய், உறுதிமொழி ஏழாவதாகத்தான் வருகிறது. பல பள்ளிகளில் முதல் நாளே உறுதிமொழி முடிந்து, மற்ற ஆறும் நடப்பதே இல்லை. பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக 1992-இல் வரைந்து காட்டினார் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்பது அவர் கணக்கு. தன் கையிலிருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் ஊர்வலத்தில் நடக்கும் குழந்தை நிற்பது அங்கேதான். உங்களுக்குத் தரப்படும் வேலை அந்த மூன்றில் விழுகிறதா என்று பாருங்கள்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நான் உடனிருந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மரத்தின் சுற்றளவை நான்கு குழுவாக அளந்தார்கள். வந்த விடை 142, 147, 139, 151 சென்டிமீட்டர். கூட வந்த இளம் தன்னார்வலர் சரியான விடையைச் சொல்ல வாயெடுத்தார். ஆசிரியர் கையமர்த்திவிட்டு, "ஒரே மரம் எப்படி நாலு மரமாச்சு?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் மறுபடி மரத்தடிக்கு ஓடினார்கள். ஒரு குழுவின் நாடா பின்பக்கம் சரிந்திருந்தது. உயரமான பெண் தன் தோளுக்கு நேராக அளந்திருந்தாள். இன்னொருவன் அடிமரம் தடித்த இடத்தில் அளந்திருந்தான். அதன் பிறகுதான் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கும் வழக்கம் ஏன் வந்தது என்று ஆசிரியர் சொன்னார். சொன்னதுமே புரிந்துகொண்டார்கள். ஒரு சுண்ணக்கட்டியால் அந்த உயரத்தில் கோடு போட்டது அவர்களேதான்.

எல்லாப் பள்ளியும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒரு பள்ளியின் கணக்கை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடியும். மாணவர்களே சூழலை அளந்து பதிவு செய்யும் குளோப் திட்டம் 1995 முதல் பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கிறது. அதன் பலமும் இதுதான். மேகத்தையோ மண்ணையோ எங்கே பார்த்தாலும் செய்முறை ஒன்று. தாவரவியல் படிக்கும் நீங்கள் இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் புரியும் ஒரு பக்கத் தாளாக எழுதிக் கொடுத்தாலே எட்டு வாரத்துக்கு நிறைவான வேலை.

அதனால் சேரும்போதே ஒரு வேலையை மட்டும் எழுத்தில் கேளுங்கள். 'தேவைப்படும் உதவிகளைச் செய்ய வேண்டும்' என்று ஒப்புக்கொண்டால் நாற்காலி அடுக்குவதும் புகைப்படம் எடுப்பதுமாக நாள் ஓடிவிடும். யார் உங்கள் மேற்பார்வையாளர், வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேச முடியுமா, உதவித்தொகை இல்லாவிட்டாலும் பயணச் செலவாவது கிடைக்குமா, சான்றிதழில் செய்த வேலை குறிப்பிடப்படுமா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உங்கள் பின்னணியைச் சரிபார்க்காமல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லாமல் வகுப்புக்கு அனுப்பும் அமைப்பு, மற்றவர்களையும் அப்படித்தான் அனுப்பும். பிள்ளைகளோடு தனியாக இருக்காதீர்கள். பள்ளிப் பொறுப்பில் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். அவர்களின் படத்தை உங்கள் போனில் எடுக்காதீர்கள். தனிப்பட்ட எண்ணைக் கொடுக்காதீர்கள். குளம், ஆறு என்று போகும் நாளில் பொறுப்பாளர் யார், முதலுதவிப் பெட்டி யாரிடம், எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, யாருக்குத் தேனீக் கொட்டினால் ஒவ்வாமை என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இயற்கையை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எந்தெந்தச் செடிகொடிகளை இனம் காண்பீர்கள், எந்த மொழிகளில் பேசுவீர்கள் என்று எழுதுங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு நாள் ஏதாவது ஒரு பள்ளிக்குக் கூட வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

கடைசி வாரத்தில் எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பாக்கி அந்தந்த ஆசிரியர் கையில் கொடுங்கள். ஒரு பிரதி வலையமைப்புக்கு. எந்த மரத்துக்கு எந்த எண், அது மைதானத்தின் எந்த மூலை, சுண்ணக்கட்டிக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூட அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு வருபவர் அதே மரத்தை அதே உயரத்தில் அளந்தால்தான், அது எவ்வளவு பருத்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.