புவியீர்ப்பு எங்கேயும் அறுந்துபோவதில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. பூமியை விட்டுக் கொஞ்சம் மேலே போனால் ஈர்ப்பு முடிந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆகவே அதையே முதலில் எடுக்கிறேன்.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாதபடியால்தானே ஆட்கள் மிதக்கிறார்கள்? டியூஷன் சேரும் அப்படித்தான் சொன்னார். (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

சேர் அவசரத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது பிழை, பரீட்சையில் எழுதிவிடாதீர்கள் தங்கச்சி. அந்த நிலையம் சுற்றுவது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரோட்டால் போகிற தூரம் அவ்வளவுதான். ஈர்ப்பைக் கணிக்கும்போது தூரத்தைத் தரையிலிருந்து அளப்பதில்லை, பூமியின் மையத்திலிருந்து அளக்கிறோம், அது ஏற்கெனவே 6,371 கிலோமீற்றர். அதோடு இன்னொரு 400ஐக் கூட்டினால் பெரிதாக என்ன மாறிவிடும்? தரையில் இருக்கும் ஈர்ப்பில் நூற்றுக்கு 88 பங்கு அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் தராசை வைத்து ஏறி நின்றால், இங்கே 60 கிலோ காட்டுகிறவருக்கு அங்கே 53 கிலோ காட்டும். மிதக்க மாட்டார்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அதற்குள் இருக்கிற ஆட்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான். ஒரு செக்கனில் நிலையம் 4.3 மீற்றர் பூமியை நோக்கி விழுகிறது, அதே செக்கனில் பக்கவாட்டில் 7.7 கிலோமீற்றர் பறந்துவிடுகிறது, அவ்வளவு தூரத்துக்குள் அதன் வட்டப் பாதையும் சரியாக அந்த 4.3 மீற்றர் கீழே வளைந்திருக்கும், ஆகவே எவ்வளவு விழுந்தாலும் தரைக்கு வந்து சேராது. ஒழுக்கு என்று நாங்கள் படிப்பது இதைத்தான். உடல் பாரமாக இருப்பதாக எங்களுக்குத் தெரிவதும் ஈர்ப்பினால் நேரடியாக அல்ல, நிலம் எங்கள் காலை எதிர்த்துத் தள்ளுவதால். நிலமும் கூடவே விழுந்தால் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு, ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு பல்கனிக்குப் போங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் சீறும். கீழே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, போத்தலைச் சரியாமல் அப்படியே கைவிடுங்கள். விழுகிற நேரத்தில் அந்த ஓட்டையால் தண்ணீர் சீறுவது நின்றுவிடும். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: அப்படியென்றால் எங்கள் நாட்டின் இராவணா-1 செய்மதி ஏன் நிரந்தரமாகச் சுற்றவில்லை? கடைசியில் ஈர்ப்பு வென்றுவிட்டதா? (மருதானை)

ஈர்ப்பில் பழி இல்லை, காற்றுத்தான் காரணம். 2019 ஜூனில் அதை விண்வெளி நிலையத்திலிருந்து விட்டார்கள், அந்த உயரத்தில் மிக மெல்லியதாகக் காற்று இருக்கிறது, அதில் உராய்ந்து உராய்ந்து சிறிய செய்மதி சில வருடங்களில் தாழ்ந்துவிடும். சந்திரனுக்கு அந்த உராய்வு இல்லை. அது வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் எங்களை விட்டு விலகியே போகிறது.

கேள்வி: ஓகஸ்ட் 12ஆம் திகதி 7 செக்கனுக்குப் பூமியின் ஈர்ப்பு நின்றுவிடும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா பயந்துபோனா.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், அப்படி நடக்கவே முடியாது. ஈர்ப்பு பூமியின் திணிவிலிருந்து வருகிறது, திணிவு இருக்கும்வரை ஈர்ப்பும் இருக்கும். 2026ஆம் ஆண்டின் அந்தத் திகதிக்கு உள்ள விசேஷம் ஒரு முழுச் சூரிய கிரகணம், அதுவும் கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கத்துக்கு, கொழும்பில் தெரியாது. கிரகணத்தன்று சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் வருவது உண்மை, ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருகின்றன. சந்திரனால் பூமியின் மேற்பரப்பில் எங்கள் நிறையில் ஏற்படும் மாற்றம் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு. இப்படியான செய்தியை அனுப்புகிறவர்கள் வயதானவர்களின் நித்திரையைக் கெடுக்கிறார்கள், எனக்கு அதுதான் கோபம்.

கேள்வி: 2004 சுனாமி போயா தினத்தில்தானே வந்தது. சந்திரன் கடலை இழுத்ததுதான் காரணம் என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். (மட்டக்களப்பு, இப்போது கொட்டாஞ்சேனை)

டிசம்பர் 26 பௌர்ணமிதான், அது சரி. ஆனால் பௌர்ணமி மாதாமாதம் வருகிறது, அமாவாசையிலும் அதே அளவு வற்றுப்பெருக்கு இருக்கிறது. காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தெரியும், எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவது மிகப் பெரிய நாட்களில்கூட ஒரு மீற்றருக்குள். அந்த நாள் வந்த அலைக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் 1,000 கிலோமீற்றருக்கும் மேல் நீளமாகப் பிளந்த 9.1 அளவு நிலநடுக்கம், கடலின் அடித்தளமே எழும்பித் தண்ணீரைத் தள்ளியது. அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போயாவைப் பார்த்துப் பயப்படுகிறவர் மற்ற நாட்களில் கவனிக்காமல் விட்டுவிடுவார். நில அதிர்ச்சியை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அது எந்த நாளாக இருந்தாலும், உடனே மேட்டுக்குப் போய்விடவேண்டும்.

கேள்வி: கொழும்புக்கு நேர் மேலே ஒரு செய்மதியை அசையாமல் நிறுத்த முடியுமா?

முடியாது. எந்தச் செய்மதியின் பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றியே அமையவேண்டும். கொழும்பு மத்தியகோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது, ஆகவே எங்கள் உச்சிக்கு மேலே வருகிற செய்மதி அரைச் சுற்றில் தெற்கே 7 பாகைக்குப் போயே ஆகவேண்டும். அசையாததுபோல் தெரியவேண்டுமானால் மத்தியகோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும், அங்கேயும் அது நிற்பதில்லை, செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்து சுற்றுகிறது, பூமி ஒரு தடவை சுழலும் நேரமும் அது ஒரு சுற்றை முடிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் எங்களுக்கு அப்படித் தெரிகிறது. இதை உங்கள் மொட்டைமாடி டிஷ்ஷிலேயே பார்க்கலாம். மத்தியகோடு எங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், லண்டனில் உள்ள சொந்தக்காரர் வீட்டு டிஷ்ஷோ சுவரோடு கிட்டத்தட்ட நெட்டுக்கு நிற்கும். இந்தப் பாதையில் மூன்று செய்மதிகளை வைத்து உலகம் முழுவதையும் தொடர்புபடுத்தலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். எங்கள் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று எனக்கு ஆசை.

கேள்வி: இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்பு ஓட்டை இருக்கிறதாமே? அப்படியென்றால் செட்டியார் தெருவில் வாங்குகிற நகை நிறை குறைந்து காட்டுமா?

ஓட்டை இல்லை. அந்தப் பகுதியில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, அதனால் கடல்மட்டம் சுமார் 100 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் குறைவு என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் பூமி சுழல்வதும், மத்தியகோட்டில் புடைத்திருப்பதும். இவை இரண்டும் சேர்ந்து, துருவத்தில் 60 கிலோ காட்டும் அதே வில் தராசில் கொழும்பில் 300 கிராம் குறையும். இனி நகைக்கு வருவோம். லண்டனில் சரிபார்த்த இலத்திரனியல் தராசை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒரு பவுணுக்கு, அதாவது 8 கிராமுக்கு, 25 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். கடையில் உள்ள தராசு இங்கேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கப்பட்டது, ஆகவே நகையில் உங்களுக்கு நட்டம் இல்லை.

கேள்வி: கிட்டத்தட்ட எல்லா விண்மீன் கூட்டங்களும் எங்களை விட்டு விலகுகின்றனவென்றால் நாங்கள்தானே நடுவில்?

இல்லை. ஒரு இறப்பர் பட்டியில் பேனாவால் ஐந்து புள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள், எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகும், தூரத்தில் இருப்பது கூடுதல் வேகமாக விலகும். எங்கள் பால்வீதிக்குள்கூட நாங்கள் நடுவில் இல்லை, சூரியன் அதன் மையத்திலிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

கேள்வி: ஏப்ரலில் பூமி சூரியனுக்குக் கிட்டப் போவதால்தான் இந்த வெக்கையா? (பம்பலப்பிட்டி)

இல்லை, நாங்கள் சூரியனுக்கு ஆகக் கிட்ட இருப்பது ஜனவரி ஆரம்பத்தில், 147 மில்லியன் கிலோமீற்றரில், விடியற்காலையில் கொழும்பில் சற்றுக் குளிரும் காலத்தில். ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது, காற்றும் அடங்கிக் கிடக்கிறது, அதுதான் வெக்கை. ஏப்ரல் 7ஐ ஒட்டி ஒரு தடியை நெட்டுக்கு நட்டுவிட்டு மத்தியானம் 12.12 அளவில் போய்ப் பாருங்கள், நிழல் இராது. மேகம் மறைத்தால் செப்டெம்பர் முதல் வாரத்தில் இன்னொரு சந்தர்ப்பம் இருக்கிறது.