பரம்பரைத் தளங்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? கேள்வி பதில்

குடும்பப்பெயர், வம்சாவளி, பூர்வீகம் சொல்லும் இணையதளங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எது நல்ல தளம் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தளத்துக்கு மொத்தமாக மதிப்பெண் போட முடியாது. ஒரே தளத்தில் பழைய பதிவேட்டின் படமும் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே யாரோ ஊகித்து எழுதிய தாத்தா பெயரும் இருக்கும். அதனால் ஒவ்வொரு தகவலையும் தனியாக நிறுத்தி, "இது எந்த ஆவணத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: எங்கள் குடும்பப்பெயர் பெர்னாண்டோ. ஒரு தளத்தில் பெயரைத் தட்டினால், ஸ்பெயின் நாட்டுப் பிரபு வம்சம் என்று வருகிறது. குலச்சின்னத்தையும் சட்டம் போட்டு அனுப்புகிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பெர்னாண்டோ, மச்சாடோ, மோத்தா, கோமஸ் போன்ற பெயர்கள் இந்தக் கரைக்கு வந்த வழி அதுதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பிறகு குடும்பப்பெயராக நின்றுவிட்டது. அந்தப் பெயரை வைத்து ஐரோப்பிய ரத்த உறவு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையிலும் பெர்னாண்டோ மிகப் பரவலான பெயர். அங்கே சிங்களவர்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இவர்கள் எல்லோரையும் ஒரே வம்சத்தில் சேர்க்கும் தளம் உங்கள் குடும்பத்தின் ஒரு தாளைக்கூடப் பார்த்ததில்லை.

குலச்சின்னம் விஷயம் இன்னும் தெளிவு. இங்கிலாந்தில் சின்னங்களை வழங்கிப் பதிவுசெய்யும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484-இல் தொடங்கியது. ஒரு குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது என்பதை அவர்களே சொல்கிறார்கள். சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது, அவருடைய நேரடி வாரிசுகளுக்குப் போவது. அதே பெயருள்ள எல்லோருக்கும் அதை அச்சடித்து விற்பது வெறும் வியாபாரம். பெயரைத் தட்டியதும் சின்னத்தை நீட்டும் தளம் என்றால், மற்றதைப் படிக்காமலே மூடிவிடலாம்.

உங்களுக்குப் பயன்படும் ஆவணம் உங்கள் பங்கு ஆலயத்திலேயே இருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப்பெற்றோர் பல சமயம் நெருங்கிய உறவினர்கள். அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு மூன்று தலைமுறை பின்னால் போகலாம்.

சிங்கப்பூரிலிருந்து: ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில், ஏழு பேர் போட்ட குடும்ப மரங்களில் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறது. ஏழு பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

ஏழு பேரும் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தால் சரி. பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்ற ஆறு பேர் தளம் காட்டிய குறிப்பைச் சொடுக்கி எடுத்திருப்பார்கள். எழுத்துப்பிழை எல்லா மரத்திலும் ஒன்றாக இருக்கிறதா, ஆதாரம் என்ற இடத்தில் இன்னொரு மரம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அவர் யாரிடம் கேட்டார் என்பதும் தெரியாது.

குஸ்டாவ் அஞ்சூ (1863–1942) என்று ஒருவர் இருந்தார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி எழுதிக் கொடுத்தார். உண்மையான பதிவுகளுக்கு நடுவில் தானே புனைந்த முன்னோர்களைச் செருகிவிடுவார். அவர் இறந்து எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. மோசடி என்று ஆய்வாளர்கள் பட்டியலே போட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்த முன்னோர்கள் இன்றும் மரத்துக்கு மரம் நகலாகிக்கொண்டிருக்கிறார்கள். கோவிலில் ஒருவர் ஏற்றிய சூடத்தில் பத்துப் பேர் கண்ணில் ஒற்றிக்கொண்டால் சூடம் பத்தாகிவிடாது.

டர்பனிலிருந்து: வணக்கம் அம்மா. எங்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஒரு தளம் அவருடைய ஊரை 'ஆற்காடு' என்று வரைபடத்தில் குத்திக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு அங்கே போக நினைக்கிறோம்.

டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய், 1860 நவம்பர் 16 அன்று இறங்கினார்கள். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். இந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். தமிழ்நாட்டிலேயே இருந்துவிட்ட ஏழைக் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு விவரமான காகிதம் கிடைப்பது அபூர்வம்.

தளம் உங்களுக்குக் காட்டியது பட்டியலில் உள்ள ஜில்லாவாக இருக்கலாம், கிராமம் வேறாக இருக்கும். 'நார்த் ஆற்காட்' என்று எழுதியிருந்தால் அது ஆற்காடு நகரம் இல்லை, பெரிய மாவட்டம். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களும், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சில பகுதிகளும் அதில் இருந்தன. சித்தூர்ப் பகுதியும் 1911 வரை அதில்தான் இருந்தது. அது இப்போது ஆந்திரா. கணினிக்கு இதெல்லாம் தெரியாது. பெயர் பொருந்தும் இடத்தில் புள்ளி வைத்துவிடும்.

முதலில் அவருடைய எண்ணைக் கண்டுபிடியுங்கள். பழைய திருமணப் பதிவிலோ, ஒப்பந்தம் முடிந்த சான்றிலோ, பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலோ அந்த எண் இருக்கலாம். பெயரை நம்பித் தேடினால் முனுசாமி மட்டும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் எழுத்தில் ஒரே ஆள் மூன்று விதமாகவும் இருப்பார். எண் கிடைத்தால் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையத்தில் உள்ள கப்பல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தகப்பன் பெயர், வயது, கப்பல் வந்த ஆண்டு மூன்றும் ஒத்துவந்தால் அவர் உங்கள் ஆள்தான் என்று கொள்ளலாம். அப்புறம் தாணாவையும் கிராமத்தையும் பழைய தாலுகா வரைபடத்தில் தேடுங்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தால், பட்டியலில் உள்ள தாணாவுக்குள் எது வருகிறதோ அதுதான்.

ஒருவேளை எண்ணே இல்லையென்றால், அவர் சொந்தச் செலவில் வந்தவராகவும் இருக்கலாம். அப்படி வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

மொரிஷியஸிலிருந்து இதே கேள்வி.

உங்களுக்கும் எண்தான் திறவுகோல். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. பலருடைய புகைப்படமும் உண்டு. பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதிய பெயரை அப்படியே தட்டித் தேடாமல், தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்த்து வேறு எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து: என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் 'செல்வராஜ்'. இந்தப் பெயர் எந்தெந்த நாட்டில் எத்தனை பேருக்கு என்று ஒரு தளம் காட்டுகிறது. இவர்கள் எல்லாம் உறவா?

இல்லை. அது உங்கள் அப்பாவின் பெயர், படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக அங்கே போனது. தாத்தாவின் குடும்பப்பெயர் என்று தேடினால் ஒன்றும் வராது. இனிஷியல் வழக்கம் உள்ளவர்களுக்குக் குடும்பப்பெயர்த் தளங்கள் பயன்படாது.

கோவையிலிருந்து: ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம். மார்மன் சபை என்ற அமெரிக்க மதசபை நடத்துகிறது என்கிறார்கள். நம்பலாமா?

நடத்துவது அவர்கள்தான். 1894-இல் தொடங்கிய யூட்டா வம்சாவளிச் சங்கத்திலிருந்து வளர்ந்தது. உலகம் முழுக்கப் பதிவேடுகளைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் எழுதிவைத்த யாத்திரைக் கணக்குகள்கூட அதில் உண்டு. படங்களைத் தாராளமாக நம்பலாம். அங்கே உள்ள பொது மரத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதை நினைவில் வையுங்கள். யார், எப்போது, எந்த ஆதாரத்தோடு மாற்றினார் என்ற விவரம் அங்கேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேடலில் வரும் தட்டச்சு வரியோடு நின்றுவிடாமல் மூலப் படத்தையும் பாருங்கள். படித்து எழுதியவர் தவறாகப் படித்திருப்பது சாதாரணம்.

மதுரையிலிருந்து: எங்கள் சமூகத்தின் வரலாறு என்று ஒரு தளம் கல்வெட்டு ஆதாரத்தோடு எழுதியிருக்கிறது. சோழர் படைத்தலைவர் வழி வந்தவர்களாம்.

கல்வெட்டின் எண்ணைக் கேளுங்கள். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசை என்றால் எத்தனையாவது தொகுதி, எந்த எண். கல்வெட்டு ஆண்டறிக்கை என்றால் எந்த ஆண்டு, எந்த எண். 'ஒரு கல்வெட்டில் காணப்படுகிறது' என்று மட்டும் இருந்தால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். எண் இருந்தால் வரியைப் படியுங்கள். சோழர் காலத்தில் மூவேந்தவேளான் போன்றவை அதிகாரிகளுக்குக் கிடைத்த பட்டங்கள். பட்டம் ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது.

எல்லாமே சரியாக இருந்தாலும் நடுவில் எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையின் பெயரையாவது தளம் சொல்கிறதா? இத்தகைய பக்கங்களில் 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகப் போட்ட சாதிகள் பற்றிய நூலிலிருந்து எடுத்த பத்திகளும் நிறைய வரும். அவர் எழுதியதில் பல, அந்தந்த ஊரில் சொன்ன கதைகள். எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், ராஜாவைத் தேடும் அவசரத்தில் 1900-இல் கிணறு வெட்டிய, கடன் அடைத்த, பிள்ளைகளைப் படிக்கவைத்த கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டு வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

சென்னையிலிருந்து: டி.என்.ஏ. பரிசோதனையில் முன்பின் தெரியாத ஒருவர் ஒரே கொள்ளுத்தாத்தா வழி உறவு என்று வந்திருக்கிறது. பொய்யா?

பொய் இல்லை, ஆனால் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறைதோறும் உறவுக்குள்ளேயே திருமணம் நடந்த குடும்பங்களில், இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ. பல வழிகளில் வந்து சேர்கிறது. கூட்டிப் பார்த்தால் நெருங்கிய உறவு போலத் தெரியும். உண்மையில் பொதுவான முன்னோர் இன்னும் பல தலைமுறை முன்னால் இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர் என்று வந்தால் நம்பலாம். அதைத் தாண்டியதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வட்டாரம் இத்தனை சதவீதம்' என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்ட மதிப்பீடு. மாதிரிகளைப் புதுப்பித்தால் சதவீதமும் மாறும்.

பரிசோதனைக்குக் கொடுத்த எச்சிலைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் யோசியுங்கள். 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்தில் 2023-இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. நீங்கள் கொடுப்பது உங்கள் தம்பி, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோருடைய தகவலும்தான். வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திருச்சியிலிருந்து: பாட்டிக்கு 88 வயது. நான் எந்தத் தளத்தில் சேரலாம்?

இந்த வாரம் எதிலும் சேர வேண்டாம். பாட்டியிடம் உட்காருங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள். குலதெய்வம் எது, அங்கே தலைக்கட்டு வரி நோட்டு யாரிடம் இருக்கிறது, பங்காளிகள் யார், யாருடைய கல்யாணத்தில் தாய்மாமன் சீர் யார் செய்தார்கள் என்று கேளுங்கள். வரி நோட்டில் பங்காளி வீடுகள் வரிசையாக இருக்கும். பிறகு வீட்டில் உள்ள பழைய பத்திரங்களை எடுங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தேதியோடு எழுதிய வரி எந்தத் தளத்திலும் கிடைக்காத ஆதாரம். பாட்டி சொன்னதும் பத்திரமும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்.

அதன் பிறகு தளத்தில் ஏற்றலாம். தளத்தை முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க அட்டை எண் கேட்டால், தானாகப் பணம் பிடிக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முழுப்பெயரையும் மறைத்து வையுங்கள். அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத்தான் பல இடங்களில் ஆளை உறுதிசெய்கிறார்கள்.