குறைந்த செலவில் வீட்டில் ஸ்ட்ரீமிங் இசை கேட்க என்னென்ன வாங்கலாம்?

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். காதுக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான் அதிகம். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ‘பவர்டு’ ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். தனியாக ஆம்ப் வாங்கும் செலவு மிச்சம்.

பாட்டை அனுப்ப, மேசையில் சும்மா கிடக்கும் பழைய போனே போதும். 3.5 மி.மீ. ஹெட்போன் துளை இருந்தால் ஒரு கேபிள். இல்லையென்றால் சிறிய யூஎஸ்பி டாக் (DAC), அதாவது டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் கருவி. கொஞ்சம் நோண்டிப் பார்க்கப் பிடிக்குமா? ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போன்ற சின்ன கணினி போர்டில் வாலுமியோ (Volumio) அல்லது மூட் (moOde) என்ற இசை மென்பொருளைப் போட்டு, போனை ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் டாக் தேவைப்படும், அந்த போர்டில் ஹெட்போன் துளை கிடையாது.

ப்ளூடூத்தா, வைஃபையா? சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ப்ளூடூத்தின் அடிப்படைச் சுருக்க முறையான எஸ்பிசி (SBC) வழக்கமாக 328 கிலோபிட் வரைதான் அனுப்பும், அதனால் ஒலியைச் சுருக்கியே ஆக வேண்டும். வேலைக்கு நடுவே கேட்க அது தாராளம். ஆனால் போனில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், பக்கத்து அறைக்குப் போனால் விட்டுவிட்டு வரும். எனக்கு அதுதான் பெரிய தொல்லை, அதனால் வைஃபை பக்கமே நிற்பேன்.

அப்புறம், ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், பேஸ் (தாழ்ந்த ஒலி) குமுறும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர் பகுதி) காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், பாடுபவரின் குரல் நடுவில் வந்து நிற்கும்.