வாசகர் கேள்வி: ஆய்வகத்தில் என் மகளுக்கு இடம் உண்டா?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான என் மகள், இப்போது சென்னையில் நரம்பறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். வாராந்தர ஆய்வுக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை என்கிறாள்; வெளிநாட்டு மாநாட்டு வாய்ப்பையும் வேண்டாம் என்றுவிட்டாள். எல்லாருக்கும் இடம் என்று பேசும் அறிவியல் உலகம் இவளுக்கு என்னதான் செய்கிறது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, மாநாட்டை அவர் மறுத்ததற்குக் கூச்சத்தைவிடப் பணமே காரணமாக இருக்கலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் சில மாதங்கள் தாமதமாக, மொத்தமாக வருவது உண்டு. பயண உதவிகளில் பல, விமானச் சீட்டு, விசா, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைக் கையிலிருந்து செலவழித்து, பிறகு ரசீது காட்டிப் பெற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சில மாதக் காத்திருப்பு, மற்றவர்களுக்கு நகைக்கடன். யாரையும் விலக்க வேண்டுமென்று எழுதப்பட்ட விதி அல்ல, ஆனாலும் விலக்கிவிடுகிறது. நிறுவனத்தில் முன்பணம் பெற வழி உண்டா என்று நெறியாளரிடம் அவர் நேராகக் கேட்கட்டும். 1961இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மூளை ஆய்வு அமைப்பு இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி வழங்குகிறது, அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

கூட்டத்து மௌனம் வேறு விஷயம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மூளையில் நரம்பு செல்களுக்குத் துணைபுரியும் கிளியா செல்களை ஆராய்ந்த பென் பாரெஸ், 1997இல் பெண் அடையாளத்திலிருந்து ஆணாக மாறியவர். அதன்பின் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆய்வு இவர் சகோதரியின் ஆய்வைவிட மிக மேலானது என்றாராம். சகோதரி என்று அவர் நினைத்தது பழைய பென்னைத்தான்! பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தே பேச்சின் எடை கூடிக் குறைகிறது என்றால், பேசத் தயங்குபவரை மட்டும் குறை சொல்வது எப்படி நியாயமாகும்? நம் நாட்டிலும், கருத்தரங்க மேடைகளில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் பயாஸ்வாட்ச்இந்தியா என்ற முயற்சியை 2020இல் இரு பெண் அறிவியலாளர்கள் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவர் நரம்பறிவியலாளர்.

ஆய்வுக் கூட்டத்தை நடத்துபவர், அன்று விவாதிக்கப்போகும் கட்டுரையையும் கேள்விகளையும் இரண்டு நாள் முன்பே அனுப்பி, இளையவர்களை முதலில் பேசவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். மூத்தவர் கருத்துச் சொல்லி முடித்த பிறகு வாய் திறக்க யாருக்குத்தான் துணிவு வரும்?

இன்னொன்றையும் மகளிடம் விசாரியுங்கள். மனிதர்களின் மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஆய்வகம் என்றால், ஆய்வில் பங்கேற்க வரும் தன்னார்வலரைத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வதிலிருந்து, ஒப்புதல் படிவத்தை வரிவரியாகத் தமிழில் விளக்கி அவருடைய பயத்தைப் போக்குவது வரை எல்லாம் இவரைப் போன்ற மாணவர்கள் தலையில்தான் விழும். அந்த உழைப்பு கட்டுரையில் அவர் பெயருக்கு நேராக எழுதப்படுகிறதா என்பதை, முதல் வரைவு எழுதும்போதே நெறியாளரிடம் பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.